றோயல் புளூ மையும் திருகோணமலைக் காலநிலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மைப்பேனையால் எழுதுகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது, “இதெல்லாம் இன்னும் கிடைக்கிறதா?” என்பது. அடுத்தது, “என்ன மை ஊற்றுகிறீர்கள்?” என்பது. அந்த இரண்டாவது கேள்வியும் அதைத் தொடர்ந்து வரும் கேள்விகளும்தான் இங்கே இருக்கின்றன. மை, பெலிக்கன் 4001 வரிசையின் றோயல் புளூ. அலுவலகக் குறிப்பு, வீட்டுக் கணக்கு, கடிதம், நாட்குறிப்பு என்று தினசரி எழுத்துக்கு அது தாங்குமா என்று திருகோணமலையில் இருந்துகொண்டே சோதித்துப் பார்த்ததன் விளைவு இது.

எத்தனையோ நீல மைகள் இருக்க, ஏன் இது?

அழகான நீலம் தேடுகிறவர் இதைத் தெரிவு செய்ய மாட்டார். தொல்லை தராத நீலம் தேடுகிறவருக்கு இதைவிடப் பாதுகாப்பான தொடக்கம் குறைவு. பெலிக்கன், ஜேர்மனியின் ஹனோவரில் வளர்ந்த நிறுவனம். மையும் வண்ணமும் செய்துகொண்டிருந்தவர்கள் 1929இல்தான் முதல் மைப்பேனையைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அதாவது அங்கே மைக்குப் பின்னர்தான் பேனை பிறந்தது. ஜேர்மன் பள்ளிப் பிள்ளைகள் எழுதிப் பழகும் நீலம் இந்த வகைதான். பிள்ளைகள் பேனையைக் கழுவ மாட்டார்கள், மூடியைத் தொலைப்பார்கள், சட்டையில் துடைப்பார்கள். அவ்வளவையும் பொறுத்துக்கொள்ளும்படி செய்யப்பட்ட மை, பெரியவர்களின் அலட்சியத்தையும் பொறுத்துக்கொள்கிறது.

நிறம் எப்படி இருக்கும்?

எழுதும்போது ஊதா கலந்த துடிப்பான நீலம். காய்ந்த பிறகு ஒரு படி வெளிறும். திருகோணமலையில் இருந்து எழுதுகிறவன் இந்த இடத்தில் சுவாமி மலையிலிருந்து தெரியும் கடலை இழுத்துவர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருக்கலாம். அந்தக் கடலுக்கு இந்த மையைவிட ஆழமும் பச்சையும் அதிகம். இது பள்ளிக் கொப்பியின் நீலம், அவ்வளவுதான். மெல்லிய நிப்பில் சற்று நோஞ்சானாகத் தெரியும். நடுத்தர நிப்பில் எழுத்தின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே மெல்லிய ஏற்ற இறக்கம் தெரிகிறது. எனக்கு அது போதும்.

இணையத்தில் காணும் படங்களை வைத்து நீலத்தைத் தெரிவு செய்ய வேண்டாம். திரைக்குத் திரை நீலம் மாறுகிறது. மஞ்சள் நிறத் தாளில் எழுதிப் படம் பிடித்திருந்தால் அது வேறு மையே ஆகிவிடும்.

எங்கள் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் தாங்குமா?

இதைத்தான் வெளிநாட்டு மதிப்புரைகள் எதுவும் சொல்வதில்லை. இங்கே ஆண்டு முழுவதும் ஒரே பேனையும் ஒரே மையும் வைத்திருப்பவர், காற்று மாறும்போது இரண்டு வேறு மைகளைக் கண்டுகொள்வார்.

மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே வெறுங்கையோடு இறங்குகிறது. வறண்டு, சூடாகி வரும் அந்தக் காற்றில் 35 பாகை செல்சியஸ் சாதாரணம். இந்தக் காலத்தில் எழுத்து உடனே காய்கிறது. ஆனால் நிப்பும் உடனே காய்கிறது. மின்விசிறிக்குக் கீழே பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு அடுத்த வசனத்தை யோசித்தால், முதல் எழுத்தின் பாதி விழாது. மூடி இறுக்கமில்லாத பேனையில் சில நாட்களில் நீர் ஆவியாகி, எஞ்சிய மை தடித்து, நிறமும் கருநீலத்துக்கு நெருங்குகிறது. “இந்த வாரம் மை நன்றாக இருக்கிறதே” என்று மகிழ்ந்தால், பேனை அடைக்கப் போகிறது என்று பொருள். மூடிக்குள் இன்னொரு சிறு மூடி இருக்கும் பேனைகள் இந்தக் காலத்துக்கு ஏற்றவை. விலை குறைந்த பிளாட்டினம் பிரெப்பியில்கூட அந்த அமைப்பு இருக்கிறது.

ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை வாடை. நவெம்பரும் டிசெம்பரும்தான் எங்களுக்கு மழை மிகுந்த மாதங்கள். அப்போது நிப் காய்வதில்லை, தாளும் காய்வதில்லை. மேசையில் திறந்து கிடந்த கொப்பி காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டு, மையை ஏற்றுக்கொள்ளும்போது நார் நாராகப் பரவ விடுகிறது. கச்சானில் ஒழுங்காக இருந்த அதே கொப்பிதான். தாளைப் பிஸ்கட் தகரப் பேணிக்குள் மூடி வைத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறைகிறது. உள்ளங்கை வியர்ப்பவர்கள் கைக்கு அடியில் ஓர் ஒற்றுத்தாள் வைத்துக்கொள்ள வேண்டும். வியர்வை பட்ட தாளில் மை தாவிப் பரவும்.

றோயல் புளூ இரண்டு காலத்தையும் சமாளிப்பதற்குக் காரணம், அது தாராளமாக ஓடும் மை அல்ல என்பதுதான். சட்டென்று ஓடும், நிறம் மிகச் செறிந்த நீல மைகள் சில, காய்ந்த பிறகு சிவப்பு மினுக்கம் காட்டும். படத்தில் அவை மிக அழகு. வாடைக் காலத்தில் அந்த மினுக்கம் மறுநாளும் விரலில் ஒட்டுகிறது.

சாதாரண கொப்பியில் எழுதலாமா?

எழுதலாம். எழுதவும் வேண்டும், ஏனென்றால் தினசரி எழுத்து அங்கேதான் நடக்கிறது. விலை உயர்ந்த ஜப்பானியத் தாளில் எந்த மையும் நன்றாகத்தான் இருக்கும். அது மைக்கு நடக்கும் சோதனை அல்ல.

தாளின் கனத்தைப் பார்த்து ஏமாறுவது வழக்கம். 80 கிராம் என்று அச்சிட்ட பிரதித்தாள், அதைவிட மெல்லிய கொப்பித் தாளிடம் தோற்பதுண்டு. மரக்கூழின் நார்களுக்கு இடையே நுண்குழாய்கள் போல இடைவெளிகள் இருக்கின்றன. நீர்மை அவற்றின் வழியே தானாக ஊர்ந்து செல்லும். அதைத் தடுக்க, தாள் செய்யும்போது மாப்பசை போன்ற பொருட்களைச் சேர்க்கிறார்கள். அந்தப் பசை எவ்வளவு, எவ்வளவு சீராக இருக்கிறது என்பதே எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்குமா, தாடி வளர்க்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. லேசர் அச்சுக்காகச் செய்யப்படும் தாளுக்கு ஈரமான மை பற்றிய கவலை இல்லை, எனவே அந்தப் பசையில் சிக்கனம் பிடித்திருக்கலாம். கொப்பியிலும் ஒரே பெயர், ஒரே அட்டை, ஆனால் அடுத்த தொகுதியில் வேறு தாள் வருவதுண்டு. பழகிய பெயர் என்பதற்காக தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பிகளை ஒரு டசின் ஒரே நேரத்தில் வாங்காமல், ஒன்றை வாங்கிக் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு மீண்டும் போகலாம்.

சுமாரான தாளில் றோயல் புளூ பெரும்பாலும் ஓரம் கெடாமல் நிற்கிறது. மறுபக்கம் நிழல் தெரியும், ஆனால் ஊறி வெளியே வருவது குறைவு. இதற்கு ஒரு விலை உண்டு: மை குறைவாகவே விழும் பேனையில் இந்த மையை ஊற்றினால் எழுத்து வெளிறி, நிப் தாளைச் சுரண்டுவதாகவும் தோன்றும். நல்ல ஓட்டம் உள்ள பேனைக்கே இது பொருந்தும். “மை சரியில்லை” என்று வருகிற முறைப்பாடுகளில் பாதி உண்மையில் பேனையைப் பற்றியவை.

ஒரு மையை முறையாகச் சோதிப்பது எப்படி?

பஞ்சுக் குச்சியில் தோய்த்துத் தாளில் பூசிப் பார்ப்பது நிறத்தைக் காட்டும், மையைக் காட்டாது. பேனையில் ஏற்றி, நீங்கள் எழுதும் தாளில், எழுதும் வேகத்திலேயே எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் நேரம் பிடித்து 5, 10, 20 விநாடிகளில் விரலால் தேய்த்தால் காயும் நேரம் தெரிந்துவிடும். மூடியைத் திறந்து ஐந்து நிமிடம் வைத்துவிட்டு எழுதினால் நிப்பின் பொறுமை தெரியும். பேனையை நிப் மேலிருக்கும்படி ஒரு வாரம் நிறுத்தி வைத்துப் பிறகு எழுதிப் பாருங்கள். இந்தக் கடைசிச் சோதனையைப் பலர் செய்வதில்லை. தினசரி மைக்கு அதுதான் முக்கியம்.

வெளிச்சத்துக்கு நிறம் நிற்குமா என்று அறிய, சில வரிகள் எழுதி, பாதியைத் தடித்த அட்டையால் மூடி, வெயில் விழும் யன்னலில் ஒட்டி வைத்தால் போதும். உப்புவெளிப் பக்கத்துக் கிழக்கு யன்னல் ஒன்று இதற்கு ஆய்வுகூடத்தைவிட இரக்கமற்றது. றோயல் புளூ இங்கே தெளிவாகத் தோற்கிறது: மூடாத பாதி சாம்பல் படிந்து மெலிகிறது. மூடி வைக்கும் நாட்குறிப்புக்கு இது பொருட்டல்ல. சுவரில் மாட்டும் எதற்கும் இந்த மை வேண்டாம்.

மழையில் நனைந்தால்?

போய்விடும். கழுவக்கூடிய மை என்று விற்பவர்களே சொல்கிறார்கள். ஒரு துளி விழுந்தால் நீல வட்டம், கொப்பி வெள்ளத்தில் விழுந்தால் மங்கலான தடம். கடிதவுறையில் முகவரி எழுதியே ஆக வேண்டுமென்றால், எழுத்து நன்றாகக் காய்ந்த பிறகு மெழுகுதிரியை அதன் மேல் மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். தபால்காரரின் பையில் இறங்கும் தூறலை அந்த மெழுகுப் படலம் தாங்கும். அதைவிட எளிய வழி, முகவரியைக் குமிழ்முனைப் பேனையால் எழுதுவது.

காசோலை, காணி உறுதி, விண்ணப்பப் படிவம்?

கூடவே கூடாது. இந்த நீலத்தை அழிப்பதற்கென்றே பேனை விற்கிறார்கள், அதையும் ஜேர்மன் பிள்ளைகள்தான் பையில் வைத்திருக்கிறார்கள். இதில் இருக்கும் ட்ரைஅரைல்மீத்தேன் வகைச் சாயத்தின் மூலக்கூறில், நடுவே ஒரு காபன் அணுவும் அதைச் சுற்றி மூன்று வளையங்களும் தட்டையாக அமைந்திருக்கின்றன. அந்த அமைப்பிலிருந்துதான் நீலம் வருகிறது. அழிப்பானில் உள்ள சல்பைற்று நடுக் காபனில் போய் ஒட்டிக்கொண்டதும் அமைப்பு குலைந்து நிறம் மறைகிறது. சாயம் தாளைவிட்டுப் போகவில்லை, கண்ணுக்குத் தெரியவில்லை என்பதுதான். பிள்ளை எழுத்துப் பிழையைத் திருத்த இது வரம். காசோலையில் தொகையைத் திருத்த நினைப்பவனுக்கும் வரம்தான்.

நிலைத்து நிற்க வேண்டியவற்றுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நிறமித் துகள் மை. செயிலரின் செய்பொக்கு, பிளாட்டினத்தின் பிக்மென்ற் நீலம் போன்றவை அவ்வகை. நுண்ணிய துகள்கள் நாரில் பிடித்துக்கொள்வதால் நீர் அவற்றை எளிதில் அசைப்பதில்லை. மற்றொன்று, இரும்புத் துவர் மை. நம்மவருக்கு அதன் இரசாயனம் புதிதல்ல: கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியும் சேர்ந்தால் கறுக்கும் என்று பாட்டிமார் அறிவார்கள். அதே இரும்பு, அதே துவர். எழுதும்போது நீலமாக இருந்து, காற்றில் உள்ள ஒட்சிசன் பட்டுக் கருமையாகும். இங்கிலாந்தின் பிறப்பு, விவாகப் பதிவேடுகளுக்கு நெடுங்காலம் இவ்வகை மையே வழக்கமாக இருந்தது. டயமைன் நிறுவனம் ரெஜிஸ்ட்ரார்ஸ் என்ற பெயரிலேயே ஒன்று செய்கிறது. இவை இரண்டு வகையும் பேனைக்குள் காய விடக்கூடாதவை. கச்சானில் மறந்து வைத்தால் பேனைதான் பலி. வீட்டில் காய்ச்சிய கடுக்காய் மையை மைப்பேனையில் ஊற்றும் எண்ணமும் வேண்டாம். அது தோய்த்து எழுதும் பேனைக்கு உரியது.

வங்கியின் பணவைப்புச் சீட்டுக்கு?

அடியில் பிரதி எடுக்கும் தாள் இருந்தால் எந்த மைப்பேனையும் உதவாது. அழுத்தினால் நிப் விரியும். குமிழ்முனைப் பேனையைக் கீழாகப் பார்க்க வேண்டியதில்லை. சட்டைப்பையில் அதுவும் இருக்கட்டும்.

பிரதி எடுத்தால் எழுத்து தெரியுமா?

தெரியும், ஆனால் மெலிந்து. பிரதி எடுக்கப்படும் என்று தெரிந்தால் கறுப்பு.

வெள்ளைச் சீருடையில் பட்டுவிட்டது. என்ன செய்வது?

உடனே குளிர்ந்த நீர். தேய்க்காமல், கீழே பழைய துவாய் வைத்து ஒற்றி எடுக்க வேண்டும். நிறம் மங்கிய பிறகு சவர்க்காரம். இந்தச் சாயம் காரத்தன்மையில் நிறமிழக்கும் என்பதால் சவர்க்காரம் பட்டதும் பெரும்பகுதி போய்விடும். வெந்நீரும் இஸ்திரிப்பெட்டியும் கறை போன பிறகுதான்.

இரும்புத் துவர் மை என்றால் கதை வேறு. அதன் மேல் குளோரின் ஊற்றினால் நீலம் போய், இரும்புக் கறை மஞ்சளாகத் தங்கிவிடும். அதற்குத் தேசிக்காய்ச் சாறும் உப்பும் பூசி வெயிலில் காய வைக்கும் பழைய முறைதான்.

பேனையை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும்?

இந்த மையைத் தொடர்ந்து பாவித்தால் மாதத்துக்கு ஒருமுறை, அல்லது மை மாற்றும்போது. இரண்டு வாரம் தொடாமல் இருக்கப் போகிறீர்கள் என்றால் கழுவிக் காய வைத்துவிட்டுப் போங்கள். கடலோரக் கிணறுகளில் உவர் அதிகம். அந்த நீர் நிப்புக்கு அடியில் இருக்கும் மெல்லிய வாய்க்கால்களில் உப்பை விட்டுச் செல்லும். எனவே கடைசி அலசலுக்கு மழைநீர், அல்லது பற்றரிக்கு ஊற்றும் வடிநீர். பார்மசியில் வாங்கும் ஊசியில்லாத சிரிஞ்ச், நிப் பகுதியின் பின்பக்கம் பிடித்து நீரை அழுத்த வசதியானது. வெந்நீர் வேண்டாம், பழைய பேனைகளின் உடல் உருமாறும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கு நீராடப் போகிறவர் பேனையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம்.

மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனால் மூடிக்குள் மை கசிகிறதே?

அது மையின் குற்றமல்ல. பாதி காலியான பேனைக்குள் இருக்கும் காற்று வெயிலில் விரிந்து மையை வெளியே தள்ளுகிறது. காற்று குறைவாக இருக்கும்படி நிரப்பி, நிப் மேலே இருக்கும்படி வையுங்கள். இருக்கைக்குக் கீழே உள்ள பெட்டி மிக மோசமான இடம்.

கடையில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கண்ணாடி அலுமாரியின் முன்வரிசையில் வெயில் குடித்துக்கொண்டிருக்கும் போத்தலை விட்டுவிட்டு, பெட்டியோடு உள்ளே இருக்கும் ஒன்றைக் கேளுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்தால் அடியில் சேறு போலப் படிவோ மேலே மிதக்கும் நூலோ தெரியக்கூடாது. நூல் தெரிந்தால் பூஞ்சணம். முகர்ந்து பார்த்தாலும் தெரியும். அந்த மையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், ஏனென்றால் அது பேனைக்குள் குடியேறும். பேனையில் எஞ்சிய மையைத் திரும்பப் போத்தலில் ஊற்றுவதும் பூஞ்சணத்துக்கு விருந்து வைப்பதுதான். கொழும்பிலிருந்து வருவித்தால் மூடியைச் சுற்றி ஒட்டுநாடா, அதன் மேல் பொலித்தீன் பை என்று அனுப்புகிறவரிடம் சொல்லி வையுங்கள்.

விலை பார்த்துத் தயங்குபவர்களுக்கு ஒரு கணக்கு: பேனைக்குள் செருகும் வழக்கமான சிறு மைக்குழாய் ஒன்று சுமார் 0.8 மி.லீ. கொள்ளும். 30 மி.லீ. போத்தலில் முப்பத்தேழு முறை நிரப்பலாம்.

முத்திரை மை, அச்சுப்பொறி மை, சித்திர மை ஊற்றலாமா?

ஒன்றும் ஊற்றக்கூடாது. அரக்குக் கலந்த சித்திர மை ஒருமுறை காய்ந்தால் பேனை குப்பைக்குத்தான்.

வேறு நீலத்தோடு கலந்து நிறத்தை ஆழமாக்கலாமா?

ஒரே வரிசையைச் சேர்ந்த மைகளைக் கலப்பதில் ஆபத்து குறைவு. வேறு நிறுவனத்தின் மை என்றால், ஒன்றின் அமிலத்தன்மையும் மற்றதன் காரத்தன்மையும் சந்தித்து வண்டலாகப் படியக்கூடும். ஒரு சிறு குப்பியில் கலந்து ஒரு வாரம் பார்த்த பிறகே பேனைக்குள் விடுங்கள்.

இது பிடிக்கவில்லை. அடுத்து எதைப் பார்க்கலாம்?

வாட்டர்மனின் செரினிட்டி புளூ. முன்பு புளோரிடா புளூ என்ற பெயரில் விற்றது இதுதான். நல்ல ஓட்டம், கூடுதல் துலக்கம், பேனைக்குக் கேடில்லை. ஆனால் மெல்லிய கொப்பியில் கொஞ்சம் கூடுதலாகப் பரவும். பார்க்கர் குயிங்க் 1931 முதல் இருந்துவருகிறது. விரைவாகக் காயும் மை என்பதே அந்தப் பெயரின் உள்ளடக்கம். காய்வதில் பார்க்கருக்கு இருந்த அவசரம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பது சுவையானது: இன்னும் வேகமாகக் காயும் மைக்காகவே, 1941இல் நிப்பை உறைக்குள் மறைத்த பார்க்கர் 51 பேனையைச் செய்தார்கள். நிப் வெளியே இருந்தால் அங்கேயே காய்ந்துவிடும் என்பதால் அந்த உறை. நம் ஊர் மேசை இழுப்பறைகளில் இன்னும் கிடக்கும் சீன ஹீரோ பேனைகள் பலவற்றின் முகம் அங்கிருந்து வந்ததுதான். கச்சான் காலத்தில் அந்த மறைந்த நிப்பின் அருமை தெரிகிறது. அப்பாவின் ஹீரோ வீட்டில் கிடந்தால், கழுவி, முதலில் அதில் றோயல் புளூவை ஊற்றிப் பாருங்கள்.

இடக்கையால் எழுதுகிறேன். மை கையில் இழுபடுமா?

மெல்லிய நிப், இந்த மை, சாதாரண கொப்பித் தாள் என்ற சேர்க்கையில் மிகக் குறைவு. வழுவழுப்பான தாளைத் தவிர்த்துவிடுங்கள், அதில் எந்த மையும் மெதுவாகத்தான் காயும்.

முழுப் போத்தல் வாங்காமல் பார்க்க வழி உண்டா?

இதே மை சிறு குழாய்களாக, ஆறு கொண்ட பெட்டியாகவும் வருகிறது. உங்கள் பேனை பொதுவான ஐரோப்பிய அளவுக் குழாயை ஏற்குமா என்று மட்டும் முதலில் பாருங்கள். பைலட், பிளாட்டினம், லாமி, பார்க்கர் ஆகியவற்றின் குழாய்கள் தனி அளவு. அவற்றுக்கு, குழாயை வெட்டி மையைச் சிரிஞ்சால் எடுத்து, பேனையின் பழைய காலிக் குழாயில் நிரப்பிவிடலாம். வாங்கியதில் பாதியைக் கச்சானிலும் மீதியை வாடையிலும் எழுதிப் பார்த்துவிட்டுப் போத்தலுக்குப் போகலாம்.